கோர்ச்சாக் மீதான ஐந்து வழக்குகள்: குழந்தைகளின் உரிமையுணர்வு பற்றிய பியாஜேயின் கருத்து குறித்து

பள்ளி வயதுக் குழந்தைகள் தம் உரிமையை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தவர் பலரும் உளவியலாளர் ழான் பியாஜேயிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். 1932இல் வெளிவந்த நூலில் அவர் மூன்று படிகள் வகுத்தார். 7, 8 வயதுவரை பெரியவர் சொல்வதே நியாயம். 11 வயதுவரை எல்லாருக்கும் ஒரே அளவு என்பதே நியாயம். அதன் பிறகுதான் அவரவர் நிலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பக்குவம் வருகிறது. சுவிட்சர்லாந்துக் குழந்தைகளுக்குச் சிறு கதைகள் சொல்லி, யார் செய்தது சரி என்று கேட்டுப் பெற்ற விடைகளே இதற்கு ஆதாரம்.

என் மறுப்பு இந்த ஆதாரத்தைப் பற்றியது. கதைக்குச் சொல்லும் தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. உரிமை என்பது ஒருவர் கையில் இருந்து பயன்படும்போதுதான் அவருக்கு விளங்கும். கையில் எதுவும் தராமல் கேள்வி மட்டும் கேட்டால், குழந்தை பெரியவரின் முகத்தைப் பார்த்துத்தான் விடை சொல்லும். பெரியவர்களும் அப்படித்தானே செய்கிறோம்? சகாக்களோடு கூடிச் செயல்படுவதால்தான் நியாய உணர்வு வளர்கிறது என்று பியாஜேயே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பகுதி பின்னுக்குப் போய், வயதுக் கணக்கே பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

பியாஜேயின் நூலுக்கு முன்பே, வார்சாவின் க்ரோக்மால்னா தெருவில் குழந்தைகள் உண்மையான தீர்ப்புகளை வழங்கிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் 1912 முதல் நடத்திய யூத அநாதை இல்லத்தின் நீதிமன்றம் அது. வாரந்தோறும் ஐந்து குழந்தைகள் சீட்டுக் குலுக்கலில் நீதிபதிகள் ஆனார்கள். அந்த வாரம் தங்கள்மேல் வழக்கு இல்லாதவர்கள் மட்டுமே குலுக்கலில் சேரலாம். சட்டத் தொகுப்பை எழுதியவர் கோர்ச்சாக். அதில் 1 முதல் 99 வரையுள்ள பிரிவுகளில் தண்டனை கிடையாது. அதற்குமேல் நூறு நூறாக ஏறி, 1000ஆம் பிரிவு இல்லத்தைவிட்டே நீக்குகிறது.

இந்த நீதிமன்றத்தைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு சிறு பத்தியை ஆய்வாளர்கள் போதிய கவனத்தோடு படிக்கவில்லை என்று கருதுகிறேன். அரையாண்டுக்குள் அவர்மீது ஐந்து வழக்குகள் வந்தன: ஒரு பையனை அறைந்தது, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிறுத்தியது, ஒரு நீதிபதியை அவமதித்தது, ஒரு சிறுமியைத் திருட்டுக்காகச் சந்தேகித்தது. குழந்தைகள் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள் என்று இதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. ஐந்து முறையும் தம்மீது தாமே வழக்குக் கொடுத்து, எழுத்தில் வாக்குமூலமும் அளித்தார் அவர்.

தீர்ப்புகளைப் பாருங்கள். முதல் மூன்று வழக்கிலும் பிரிவு 21: அவ்வாறு செய்ய அவருக்கு உரிமை உண்டு. நீதிபதியை அவமதித்த வழக்கில் பிரிவு 71, அதாவது மன்னிப்பு. மன்னிப்பதற்கு முதலில் தவறு நடந்திருக்க வேண்டும். அடிப்பதைச் சரி என்றது இந்த நீதிமன்றம். நீதிபதியை அவமதித்ததை அப்படி விடவில்லை. அச்சத்தால் முதல் மூன்றை விட்டார்கள் என்றால் நான்காவதையும் விட்டிருப்பார்கள். வயதாலும் இதை விளக்க முடியாது. அரையாண்டில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு யாரும் ஏறிவிடுவதில்லை. நீதிபதி இருக்கை அவர்கள் கையில் இருந்தது, அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்தது. அடிபடாமல் இருக்கும் உரிமையை அவர்களுக்கு யாரும் தந்திருக்கவில்லை. ஐந்தே வழக்குகள், அதுவும் பிரதிவாதியே எழுதிவைத்தவை என்பது உண்மைதான். ஆனாலும் கதைக் கேள்விகளைவிட இவற்றையே நம்புகிறேன். இங்கே தீர்ப்பு ஒரு பெரியவரின் தலைமேல் விழுந்தது.

சிறுமியின் வழக்கு என் வாதத்துக்குள் எளிதில் அடங்கவில்லை. பிரிவு 7, குற்றம் பற்றிய அறிவிப்பை நீதிமன்றம் குறித்துக்கொள்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. தயக்கமாக இருக்கலாம், அவரே ஒப்புக்கொண்டபின் சொல்ல ஏதுமில்லை என்ற எண்ணமாகவும் இருக்கலாம்.

காலத்தையும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இந்தப் பத்தி இடம்பெற்ற கோர்ச்சாக்கின் நூல் வந்தது 1920 அளவில். அவர் 1914இல் போருக்குப் போய் 1918இல் திரும்பினார். ஆக அந்த அரையாண்டு போருக்கு முந்தியதாகவோ, திரும்பி வந்தபின் கழிந்ததாகவோ இருக்க வேண்டும். முந்தியது என்பதே என் சாய்வு. ஒன்று மட்டும் தெளிவு. நீதிமன்றம் சில வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டுத் திருத்தங்களோடு மீண்டும் கூடியபோதுதான், பெரியவர்கள்மீதும் பணியாளர்கள்மீதும் குழந்தைகள் வழக்குத் தொடுக்கலாம் என்ற விதி சேர்ந்தது. அதற்குப் பிந்திய வழக்குகளில் அறைதலுக்குப் பிரிவு 21 மீண்டும் வழங்கப்பட்டதா என்பதை வைத்தே என் வாசிப்பைச் சோதிக்க வேண்டும்.