பேய் யார், கூட்டம் யார்: 1968-இன் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்

1968 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்ற பேய்ப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூடுதல் கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் சேரிக்குள் பண்ணையார்களின் ஆட்கள் புகுந்தார்கள். உயிர் தப்ப ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாம் வரவில்லை. ஒன்று சினிமா, இன்னொன்று நம் மக்களின் சாம்பல். ஆனாலும் ஒரு தலித் இளைஞர் இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் வெண்மணி நினைவுக்கு வராமல் போகாது. ஒரு வீடு. வெளியே சூழ்ந்து நிற்கும் கூட்டம். வராத உதவி. விடிந்த பிறகு, செத்தவரைப் பற்றி அதிகாரம் பேசும் மொழி. இந்த நான்கும் நமக்குத் தெரிந்தவை. அதனால்தான் உலகம் கொண்டாடும் ஒரு பேய்ப்படத்தை நாமும் நம் கண்ணால் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

சில்லறைக் காசில் ஒரு பயம்

இயக்குநர் ஜார்ஜ் ரோமெரோவுக்கு அப்போது 28 வயது. பிட்ஸ்பர்க்கில் நண்பர்களோடு சேர்ந்து விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். 10 பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு வேலையைத் தொடங்கினார்கள். பிறகு தெரிந்தவர்களிடம் திரட்டியதையும் சேர்த்து மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் இது சில்லறைக் காசு. இடிப்பதற்காக விட்டிருந்த ஒரு பண்ணை வீடுதான் படப்பிடிப்புத் தளம். ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் பாகு. பேய்களாக நடந்து வந்தவர்கள் நண்பர்களும் அக்கம்பக்கத்து மக்களும். இசைகூடப் புதிதாக அமைத்தது அல்ல. ஏற்கெனவே பதிவு செய்து விற்கப்பட்ட துண்டுகளை வாங்கிக் கோத்தார்கள்.

கதையும் எளியது. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். தப்பி ஓடி வந்த 7 பேர் ஒரு பண்ணை வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். கதவிலும் சன்னலிலும் பலகை அடிக்கிறார்கள். வானொலி பேசிக்கொண்டே இருக்கிறது. தொலைக்காட்சியில் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வெளியே இருட்டில் மெல்ல நகரும் உருவங்கள்.

பணம் இல்லாததே இந்தப் படத்துக்குப் பலமாயிற்று. கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் அன்றைய செய்திப்படம் போலவே இருந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளின் தொலைக்காட்சிகளில் வியட்நாம் போரும், கறுப்பின மக்கள் மீது போலீஸ் நாயை ஏவுவதும் இதே மங்கிய கறுப்பு வெள்ளையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆணி அடிக்கும் ஓசை, வானொலியின் கரகரப்பு, ஒரு பெண்ணின் மூச்சு: பயத்தை இவற்றைக் கொண்டே கட்டினார்கள். பேய் வந்து அலறும் காட்சிகளை விட, அடுத்து என்ன செய்வது என்று உள்ளே இருப்பவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் காட்சிகள்தான் நம்மை அதிகம் நடுங்க வைக்கின்றன.

ஒரு கறுப்பர் வாசலில் வந்து நின்றபோது

அந்த வீட்டில் முடிவெடுப்பவன் பென். அவனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் ஒரு கறுப்பர், படித்தவர், நாடகக்காரர், பின்னாளில் பேராசிரியர். தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நன்றாக நடித்தார், அதனால் எடுத்தோம், இனத்தை மனதில் வைத்துக் கதை எழுதவில்லை என்று ரோமெரோ கடைசிவரை சொல்லிவந்தார். படத்தில் ஒருவர்கூட பென்னின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்று சொல்லும் இயக்குநர்கள் நம்மிடமும் உண்டு. அந்தச் சொல்லை நாம் சந்தேகத்தோடுதான் கேட்போம். ஆனால் இங்கே நடந்தது வேறு. நடிகர் கறுப்பர் என்று தெரிந்த பிறகு பென்னின் கோபத்தை ரோமெரோ குறைக்கவில்லை, அவனைப் பணிவானவனாக மாற்றவில்லை. பென் வெள்ளைக்காரர்களுக்கு உத்தரவிடுகிறான், எதிர்க்கிறான், அடிக்கிறான், ஒருவனைச் சுடவும் செய்கிறான். எழுத்தில் முரடனாக இருந்த பாத்திரத்தின் வசனங்களை நிதானமாகச் சிந்திக்கும் மனிதனின் பேச்சாக மாற்றியவர் ஜோன்ஸ். இனம் ரோமெரோவின் கணக்கில் இல்லாமல் இருந்திருக்கலாம், ஜோன்ஸின் கணக்கில் இருந்தது. ஒரு கறுப்பர் வெள்ளைப் பெண்ணை அறையும் காட்சி வெளியே எப்படிப் பார்க்கப்படும் என்று கவலைப்பட்டவர் அவர். பென்னைக் கடைசியில் செயற்கையாகக் காப்பாற்றுவதைவிட அவன் சாவதே உண்மை என்று நின்றவரும் அவரே. படத்துக்கான பாராட்டில் பாதி அவருக்குச் சேர வேண்டும்.

இந்தப் படம் பென்னைப் புனிதராகவும் ஆக்கவில்லை. நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வோம் என்று கத்தும் கூப்பரை நாம் வெறுக்கிறோம். ஆனால் கடைசியில் எல்லோரும் செத்த பிறகு பென் உயிரோடு இருப்பது அதே நிலவறைக்குள் ஒளிந்ததால்தான். ஒடுக்கப்பட்டவன் தவறு செய்யக்கூடிய முழு மனிதனாகத் திரையில் வருவது அபூர்வம். நம் சினிமாவில் அவன் ஒன்று அப்பாவி, இல்லையென்றால் அடியாள்.

விடிகிறது. ஷெரீப்பும் துப்பாக்கி ஏந்திய ஊர்க்காரர்களும் நாய்களோடு வயல் வழியே வருகிறார்கள். மீட்க ஆள் வந்துவிட்டது என்று பென் சன்னலருகே வருகிறான். அவன் பேயா மனிதனா என்று யாரும் கேட்கவில்லை. நெற்றியில் ஒரே குண்டு. நெருப்பில் போட இன்னொரு பிணம், அவ்வளவுதான். அதன் பிறகு அசையாத புகைப்படங்கள்: கொக்கிகள், இழுக்கப்படும் உடல், விறகுக் குவியல். அமெரிக்க வெள்ளையர்கள் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டதும், அந்தப் படங்களை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றதும் வரலாறு. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி இரண்டு நிமிடம் என்னவென்று விளங்கும்.

முடிந்த படத்தை விற்க ரோமெரோ நியூயார்க்குக்குக் காரில் போன நாள் 1968 ஏப்ரல் 4. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைக் கார் வானொலியில்தான் கேட்டதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

தாமதமாக வந்த பாராட்டு

வெளியானபோது இந்தப் படத்தைப் பெரிய பத்திரிகைகள் திட்டின. 'வெரைட்டி' இதழ் இதை வக்கிரம் என்றது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பகல் காட்சியில் குழந்தைகள் அழுததை எழுதி, அவர்களை உள்ளே விட்டவர்களைக் கண்டித்தார். படம் பிழைத்தது மக்களால். நள்ளிரவுக் காட்சிகளில் கூட்டம் கூடியது. 1970-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் இதைத் திரையிட்டது. 1999-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. விமர்சகரின் பாராட்டு பெரும்பாலும் பின்னால் நடந்து வருவது. அதற்காகக் காத்திருந்து படம் எடுத்தால் ஒன்றும் நடக்காது.

குறையையும் சொல்லிவிடுவோம். பார்பரா என்ற பெண் படத்தின் பெரும்பகுதியில் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறாள். இனத்தின் விஷயத்தில் தன்னை அறியாமலே முன்னேறிய படம், பெண்ணின் விஷயத்தில் பழைய இடத்திலேயே நின்றது. 1990-இல் மறுபடி எடுத்தபோது ரோமெரோவே பார்பராவைப் போராடும் பெண்ணாகத் திருத்தி எழுதினார்.

பேய்க்கும் ஊர் சேரி உண்டு

இனி நம் பக்கம் வருவோம். காணையைச் சுற்றிய ஊர்களில் வளர்ந்த யாருக்கும் பேய்க்கதை புதிதல்ல. ஆனால் அந்தப் பேய்கள் எங்கே குடியிருக்கின்றன என்று கவனித்திருக்கிறோமா? ஊர்த்தெருவிலிருந்து காலனிக்குப் போகும் இருட்டுப் பாதையில், சேரிச் சுடுகாட்டில், ஏரிக்கரைப் புளியமரத்தில். சுடுகாடும் சுடுகாட்டுப் பாதையும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் நாட்டில் பேய்க்கும் ஊர் சேரி உண்டு. ஊர்க்காரர்கள் நடுங்க வேண்டிய இடமாக எப்போதும் நம் இடமே சொல்லப்படுகிறது. உண்மையில் இருட்டியபின் அந்தப் பாதையில் யார் யாரைப் பார்த்துப் பயந்தார்கள் என்பதை நம் பாட்டிகளிடம் கேட்டால் வேறு கதை கிடைக்கும்.

தமிழ்ப் பேய்ப்படங்களிலும் குறைந்த செலவில் நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) ஒரு வீட்டையும் ஒரு டார்ச் வெளிச்சத்தையும் வைத்தே நம்மை உட்கார வைத்தது. அஸ்வின் சரவணனின் 'மாயா' (2015) கறுப்பு வெள்ளையைத் துணிந்து கையாண்டது. ஆனால் நம் பேய்ப்படங்களின் பொதுவான வாய்ப்பாடு ஒன்று உண்டு: அநியாயமாகச் செத்தவர் பேயாகி வந்து பழிவாங்குவார். அதாவது உயிரோடு இருக்கும்வரை நீதி கிடையாது, செத்தபிறகே பலம் வரும். பார்ப்பவர்களுக்கு இது ஆறுதல். அந்த ஆறுதலே அவர்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியும் விடுகிறது.

பேய்ப்படம் என்ற முத்திரை இல்லாத இரண்டு படங்கள்தான் நம் பயத்தைச் சரியாகத் தொட்டன. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படத்தில் ஒரு சுவர் உயிர்களைக் காவு வாங்குவதாக மக்கள் அஞ்சுகிறார்கள். சுவருக்குள் ஆவி எதுவும் இல்லை, அந்தச் சுவரைப் பிடித்து வைத்திருக்கும் அரசியல்தான் கொல்கிறது. பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) இன்னும் நேரடியானது. ஒடுக்கப்பட்ட சாதி இளைஞனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது. பின்னணி இசையே இல்லை. பெர்லின் திரைப்பட விழாவில் பாராட்டு பெற்ற படம் அது. சாதி மறுத்த மனதுக்கு இந்தச் சமூகம் வைத்திருக்கும் பெயர் பேய். ஓட்டுவதற்கு அடி. ரோமெரோவின் படத்தில் அந்த ஊர்க்காரர்கள் செய்ததும் இதுவே: பேய் என்று பெயர் வைத்துவிட்டால் சுடுவது கொலையாகாது.

வெண்மணி வழக்கில் 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் இப்படி நேரில் நடந்துவந்து கொளுத்துவார்களா என்று நீதிமன்றம் ஐயப்பட்டது. விடிந்தபின் அதிகாரம் பேசும் மொழி என்று மேலே சொன்னோமே, அது இதுதான்.

நம் மாவட்டத்தின் ஒரு ஜூலை

நம் கண்ணெதிரே உள்ள விழுப்புரத்தில், 1978 ஜூலையில், 12 தலித்துகள் படுகொலை செய்யப்பட்டார்கள். குடிசைகள் எரிந்தன. அது தொலைவான பண்ணைக் கிராமம் அல்ல, ரயில் சந்திப்பும் சந்தையும் உள்ள நகரம். கொன்றது தினமும் பார்த்துப் பழகிய முகங்களின் கூட்டம். அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். காணையிலோ திண்டிவனத்திலோ படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஜூலை தெரியும்?

'நைட் ஆஃப் த லிவிங் டெட்' அமெரிக்காவில் காப்புரிமை இல்லாத படம். விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க மறந்ததால் அது பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு அது பெரிய நட்டம். நமக்கோ அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் காலனி மந்தையிலேயே போட்டுப் பார்க்கலாம். பார்த்த பிறகு பேச வேண்டிய கேள்வி, பேய் பயமாக இருந்ததா என்பது அல்ல. பென் ஏன் சன்னலுக்கு வந்தான், வந்தவர்களை ஏன் நம்பினான் என்பது.

பிறகு ஒரு கைப்பேசியை எடுத்துக்கொண்டு, 1978-ஐப் பார்த்த பெரியவர் ஒருவர் எதிரில் போய் உட்கார வேண்டும். அவர் எந்த வீட்டில் ஒளிந்தார், எந்தச் சத்தம் முதலில் கேட்டது, யார் கதவைத் திறந்தார்கள் என்று கேட்க வேண்டும். இசை வேண்டாம், விளக்கு வேண்டாம். அவருடைய குரலும் அந்த வாசலும் போதும். அமெரிக்காவில் 10 பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டார்கள். நம்மிடம் அதுகூட இல்லை. ஆனால் கதை நம்மிடம் இருக்கிறது, சொல்பவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.