பூலாவ் பாயாரின் கருமுனைச் சுறா

கருமுனைச் சுறா, இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பமண்டலப் பவளத் திட்டுகளில் வாழும் மீன். துடுப்பு நுனிகளில் மை தோய்த்தாற்போன்ற கறுப்பு இதன் அடையாளம். வளர்ந்த சுறா பெரும்பாலும் 1.6 மீட்டர் நீளமே இருக்கும். மலேசிய மாநிலமான கெடாவில் இதைக் காண ஏற்ற இடம், லங்காவிக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள பூலாவ் பாயார். கலங்கல் நீர் மிகுந்த மலாக்கா நீரிணையில் பவளம் செழித்த அரிய இடம் அது. பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் ஆகிய தீவுகளைச் சூழ்ந்த கடற்பூங்காவில் கரையிலிருந்து 2 கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை உண்டு. ஆனால் இச்சுறாவைப் பொறுத்தவரை அங்கே முதலில் காக்க வேண்டியது, பயணிகள் இறங்கி நிற்கும் முழங்கால் அளவு நீரைத்தான்.

இச்சுறா முட்டையிடுவதில்லை. கருப்பையில் மஞ்சள் கரு தீர்ந்ததும் அது இருந்த பையே நஞ்சுக்கொடியாக மாறிக் குட்டிக்கு ஊட்டம் தருகிறது. எட்டு முதல் பதினோரு மாதம் சுமந்து, ஓர் ஈற்றில் 2 முதல் 5 குட்டிகளை மட்டுமே ஈனுகிறது. அரை மீட்டருக்கும் குறைவான குட்டிகள், பெரிய சுறாக்களும் களவாக்களும் நெருங்க முடியாத ஆழமற்ற கரையோர நீரில் ஒதுங்கி வளர்கின்றன. பெரியவை மடவை முதலிய திட்டு மீன்களையும் கணவாய், இறால் போன்றவற்றையும் வேட்டையாடுகின்றன.

பசிபிக்கின் பால்மைரா தீவில் ஒரு சுறாவின் நடமாட்டப் பரப்பு சுமார் அரைச் சதுர கிலோமீட்டர்தான் எனக் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் 2 கடல் மைல் எல்லையே போதாதா என்று கேட்கலாம். ஆனால் பிரெஞ்சு பொலினீசியாவில் சில பெண் சுறாக்கள் குட்டி ஈனச் சுமார் 50 கிலோமீட்டர் கடந்து, பழகிய அதே கரைக்குத் திரும்பியதை 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பழகிய கரை கெட்டால் அதை வேறொரு கரை ஈடுசெய்யும் என்று நம்ப முடியாது. சுறா நிறைந்த நீரில் பயணிகளை விடலாமா என்பது இன்னொரு கேள்வி. மனிதரைக் கடித்த நிகழ்வுகள் சில உண்டு. அவை பெரும்பாலும் ஆழமற்ற நீரில் நடப்போரின் காலை இரையெனத் தவறாக எண்ணியதால் நேர்ந்தவை. உயிரிழப்பு பதிவாகவில்லை. ஆபத்து மிகுதியும் சுறாவுக்குத்தான்: 2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக மதிப்பிட்டது. தீனி போட்டால்தான் குட்டிகள் கரைக்கு வரும் என்பதும் சரியன்று. அவை வருவது பாதுகாப்புக்காக. ஆகவே பாயாரில் இறங்குவோர் தீனி போடாமல், துரத்தாமல், குட்டிகளுக்கு வழிவிட்டு நின்று பார்ப்பதே முறை.