"எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லையே!"



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என்னிடம் படித்த ஒருவர் போனில் அழைத்தார். பக்கத்து வீட்டு நாய் அவருடைய மகளைக் கடித்துவிட்டது. ஊசி, மருந்து, வேலைக்கு லீவு என்று செலவெல்லாம் இவர் தலையில். நாயின் சொந்தக்காரரிடம் கேட்டால், "எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லையே" என்று ஒரே பதில். "சட்டத்துல இதுக்கு வழியே இல்லையா சார்?" என்று கேட்டார்.

நான் வக்கீல் இல்லை, சரித்திரம் நடத்தியவன். ஆனால் அந்த ஒற்றை வரிப் பதிலுக்கு ஏறக்குறைய நான்காயிரம் ஆண்டு வயது. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இன்றைய ஈராக்கில் எஷ்னுன்னா என்றொரு நகர அரசு இருந்தது. அதன் சட்டங்கள் எழுதிய களிமண் பலகைகள் 1940களில் பாக்தாத் அருகே கிடைத்தன. பாடப்புத்தகத்தில் படித்த ஹமுராபி சட்டத்துக்கும் சற்று முந்தியவை அவை. அதில் வெறிநாய்க்கு ஒரு விதி உண்டு. நாய்க்கு வெறி என்று வட்டார அதிகாரிகள் சொந்தக்காரனுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிந்தும் அவன் கட்டிவைக்காமல் விட்டு, அது ஒருவனைக் கடித்து அவன் இறந்துபோனால், 40 ஷெக்கல் வெள்ளி கட்ட வேண்டும். நம் கணக்கில் சுமார் 330 கிராம். இறந்தவன் அடிமையானால் 15 ஷெக்கல்தான். வேடிக்கை என்னவென்றால், ஒரு மனிதன் இன்னொருவனின் மூக்கைக் கடித்துத் துண்டித்தால் அதே சட்டத்தில் 60 ஷெக்கல்!

இந்த விதியில் "தெரிவித்திருக்க வேண்டும்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். சொந்தக்காரனுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் பொறுப்பு. தெரியாது என்றால் தப்பித்தான்.

ரோமானியர்கள் கொஞ்சம் மாற்றி யோசித்தார்கள். ஆட்கள் நடமாடும் வழியில் நாய், காட்டுப்பன்றி, ஓநாய், கரடி, சிங்கம் இவற்றை வைத்திருக்கக் கூடாது என்று அங்கே சந்தை அதிகாரிகளின் ஆணை இருந்தது. மீறி வைத்து யாருக்காவது காயம் பட்டால், நீதிபதி நியாயம் என்று கருதும் தொகையைக் கொடுத்தாக வேண்டும். முன்பு கடித்ததா இல்லையா என்ற பேச்சே இல்லை.

நமக்கு வந்து சேர்ந்தது ரோமானிய வழி அல்ல, ஆங்கிலேய வழி. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, நாய்க்குக் கடிக்கும் குணம் உண்டு என்பது அதன் சொந்தக்காரருக்கு முன்பே தெரியும் என்று கடிபட்டவர் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் "ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கடி இலவசம்" என்று சட்டக்காரர்களே கேலி செய்தார்கள்.

1865இல் அங்கே நாய்கள் சட்டம் வந்தது. நாய் ஆட்டையோ மாட்டையோ கடித்தால் சொந்தக்காரர் நஷ்டஈடு தர வேண்டும், நாயின் பழைய குணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்றது அந்தச் சட்டம். மனிதனைக் கடித்தால்? பழைய விதியேதான்! ஆட்டு மந்தை வைத்திருந்த நிலக்காரர்களின் குரல் நாடாளுமன்றத்தில் ஏறியது. தெருவில் நடந்து போனவனின் குரல் ஏறவில்லை. இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். 1971இல் புதுச் சட்டம் வந்த பிறகும், விலங்கின் குணம் உடையவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மனிதர் விஷயத்தில் வேறு வடிவில் தொடர்கிறது.

இந்தியாவில் 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு ஒரு நல்ல காரியம் செய்தது. தெரிந்தே விட்டாலும் குற்றம், கவனக்குறைவாக விட்டாலும் குற்றம் என்றது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் பெரும் பணம். ஆனால் 160 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொகை அசையவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 291ஆம் பிரிவு. அபராதம் 5,000 வரை. இது அரசுக்குப் போகும் அபராதம். உங்களுக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால், கவனக்குறைவைக் காட்டி சிவில் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும்.

அந்தக் காலத்தில் யாரும் நஷ்டஈடு பற்றிப் பேசவில்லை, உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தார்கள். பாஸ்டர் முதல் முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டது 1885இல். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது 1907இல். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது கையில் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது.

சரி, தெருநாய் கடித்தால் யாரைக் கேட்பது? 2001ஆம் ஆண்டு விதிகளும் அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகளும், கருத்தடை செய்து தடுப்பூசி போடும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்திருக்கின்றன. கேரளத்தில் நஷ்டஈடு கோரிக்கைகளைப் பரிசீலிக்க 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி சிரி ஜகன் குழுவை அமைத்தது. 2023 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு கணக்கே போட்டுக் கொடுத்தது. ஒரு பல் பதிவுக்குக் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாய். முதலில் அரசு கொடுக்க வேண்டும், பிறகு பொறுப்பானவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். நான்கு பல் பதிந்தால் 40,000 என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இங்கே வழக்காடும்போது எடுத்துக்காட்டலாம்.

இனி செய்ய வேண்டியவை.

1. முதலில் காயத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. ஊசிகளை ஒன்று விடாமல் போடுங்கள்.

2. ஓ.பி. சீட்டு, ஊசி அட்டை, மருந்து பில், காயத்தின் போட்டோ எல்லாம் பத்திரம்.

3. வளர்ப்பு நாய் என்றால் காவல் நிலையத்தில் புகார்; தெருநாய் என்றால் பஞ்சாயத்து அல்லது நகராட்சியில் எழுத்து மூலம் மனு. ரசீது வாங்காமல் வராதீர்கள்.

4. வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

மூன்றாவதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எஷ்னுன்னாவில் அதிகாரி போய்த் தெரிவித்தால்தான் சொந்தக்காரன் பொறுப்பாளி. இன்று அந்தத் தெரிவித்தலை நாமே செய்யலாம். நாய் துரத்தியபோதே, குரைத்துக்கொண்டு பாய்ந்தபோதே நாலு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். அது கையில் இருந்தால், "இதுவரைக்கும் கடிச்சதே இல்லை" என்ற பதில் நீதிமன்றத்தில் எளிதில் எடுபடாது. தெருநாய்க்கும் இது பொருந்தும்.

போன் செய்தவரிடமும் இதையேதான் சொன்னேன். பிள்ளை நலம். நாய் வளர்ப்பவர்கள் வருடாவருடம் ஊசி போட்டு, கயிற்றோடு வெளியே கூட்டிப் போங்கள். நாயின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.