கணினி மலைகளும் இடம் மாறாத பாடக் குறிப்புகளும்



2005ஆம் ஆண்டில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கினபாலு மலையைக் கணினியில் உருவாக்கிக் காட்ட விழைந்தேன். என் கையிலிருந்த பயிற்சிக் குறிப்பு ‘பிரைஸ்’ என்னும் மென்பொருளுக்காக எழுதப்பட்டது. பள்ளிக் கணினியிலோ, வணிகமல்லாத பயன்பாட்டிற்கு இலவசமாகக் கிடைத்த ‘டெராஜென்’ மட்டுமே இருந்தது. இரண்டும் நிலக்காட்சி வரையும் மென்பொருள்கள்தாமே என்று எண்ணி, குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றினேன். திரையில் எழுந்ததோ பச்சையே இல்லாத ஓர் ஊசிப்பாறை. “ஐயா, இது மலையா, முள்ளா?” என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அன்றைய பாடம் பாழானது. பிழை எங்கே என்று தேடப் புகுந்ததன் பயனாகவே கணினி மலைகளின் வரலாற்றை அறிந்தேன்.

அவ்வரலாறு ஒரு விமான நிறுவனத்தில் தொடங்குகிறது. போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய லோரன் கார்பென்டர், விமானப் படங்களின் பின்னணியில் இயற்கையான மலைகள் வேண்டுமென விரும்பினார். மலை, மேகம், கடற்கரை போன்றவற்றின் ஒழுங்கற்ற வடிவங்களை ‘ஃபிராக்டல்’ என்னும் கணிதத்தால் விளக்கிய பெனுவா மாண்டல்பிராட்டின் நூல் அவருக்கு வழிகாட்டியது. ஒரு முக்கோணத்தை எடுத்து, அதன் பக்கங்களின் நடுப்புள்ளிகளைத் தற்செயலாகச் சிறிது மேலோ கீழோ நகர்த்துதல். அதனால் விளையும் சிறு முக்கோணங்களிலும் அதையே மீண்டும் மீண்டும் செய்தல். இவ்வளவே அவருடைய முறை. அதனைக் கொண்டு அவர் ஆக்கிய ‘வோல் லிப்ரே’ என்னும் ஏறத்தாழ இரண்டு நிமிடப் படம், 1980ஆம் ஆண்டு சிக்கிராப் மாநாட்டில் அவையோரை வியக்க வைத்தது. அதன்பின் லூக்காஸ் பிலிம் நிறுவனம் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டது.

1985இல் கென் பெர்லின், மேகத்திற்கும் கல்லுக்கும் இயல்பான தோற்றம் தரும் ‘நாய்ஸ்’ முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். 1989இல் கென் மஸ்கிரேவும் உடன் ஆய்ந்தோரும், மழைநீர் மலையை அரிப்பதைக் கணக்கிடும் வழியை வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்துப் பெருங்கணினிகளில் இருந்த இக்கலை, 1994இல் எரிக் வெங்கர், கை கிராவுஸ் முதலியோர் உருவாக்கிய பிரைஸ் மூலம் வீட்டுக் கணினிக்கு வந்தது. அதே பத்தாண்டில் பிரான்சிலிருந்து ‘வியூ’வும், இங்கிலாந்திலிருந்து மேட் பேர்கிளாஃபின் டெராஜெனும் வெளிவந்தன. மூன்றிற்கும் வேர் ஒன்றே. எனினும் திரையமைப்பு, பெயர்கள், அளவுகள் ஆகியன வேறு.

இனி, என் பிழைக்கு வருகிறேன். நான் பயன்படுத்திய உயரத் தரவு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள்கள் பறந்து ரேடார் வழி அளந்தது. அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ 90 மீட்டர். டெராஜெனோ, வேறொன்றும் சொல்லாவிட்டால், அத்தொலைவை 30 மீட்டர் என்று கொள்ளும். ஆகவே உயரம் 4095 மீட்டராகவே இருக்க, மலையின் அகலம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 20 பாகைச் சரிவு ஏறத்தாழ 47 பாகையாயிற்று. “40 பாகைக்கு மேற்பட்ட சரிவில் பச்சை வேண்டா” என்று நானே விதித்திருந்தேன். மலையெங்கும் பச்சையே தோன்றவில்லை!

பிரைஸ் குறிப்பை எழுதியவர்மேல் குற்றமில்லை. அம்மென்பொருளில் மலையைக் கண்ணளவால் இழுத்து நீட்டலாம். மீட்டர் கணக்கு கேட்பதில்லை. கேட்கப்படாததை அவர் எழுதவுமில்லை. ஒரு குறிப்பை வேறிடத்திற்குக் கொண்டு செல்லும்போது நம்மை இடறச் செய்வது, பெரும்பாலும் அதில் எழுதப்படாமல் விடப்பட்டதே.

அளவைத் திருத்தியபின் இரண்டாம் தடை வந்தது. உயரத்தைச் சாம்பல் நிறப் படமாகச் சேமித்தால், எந்த மென்பொருளும் அதைப் படிக்கும். வெளிறிய இடம் உயரம், கருத்த இடம் தாழ்வு. ஆனால் சாதாரணப் படத்தில் 256 சாயல்களே உண்டு. 4095 மீட்டரை அவற்றிற்குப் பங்கிட்டால் ஒரு படிக்கு 16 மீட்டர். என் மலை படிக்கட்டு வயல்போல் தோன்றியது. 65,536 சாயல்கள் கொண்ட 16 பிட் படமாக மாற்றியதும், ஒரு படி சுமார் 6 சென்டிமீட்டராகி மலை சீரானது.

எஞ்சியது மலையின் மேற்பரப்பு. மூலக்குறிப்பு பனிமலையைப் பற்றியது. பனி தங்குவதற்கு அது கூறிய விதி இரண்டே: உயரம் இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும், சரிவு இவ்வளவுக்குக் கீழ் இருக்க வேண்டும். இவ்விதியைப் பிரைசில் நிறக்கலவைத் திரையிலும், வியூவில் கலப்புப் பொருளின் அமைப்பிலும், டெராஜெனில் மேற்பரப்பு அடுக்கிலும் அமைக்கிறோம். பொத்தான் மூன்று, விதி ஒன்று. நான் பனியை நீக்கி, குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் கினபாலுவின் வெற்றுக் கருங்கல்லை வைத்தேன். மறுவாரம் மாணவர்கள் மலையை அடையாளம் கண்டுகொண்டனர்.

மென்பொருள்களின் கதியையும் எண்ணிப் பார்ப்போம். பிரைஸ் 2000இல் கோரல் நிறுவனத்திற்கும் 2004இல் டாஸ் நிறுவனத்திற்கும் கைமாறியது. அதன் ஏழாம் பதிப்பு 2010இல் வந்தது. மஸ்கிரேவ் 2001இல் வெளியிட்ட ‘மோஜோவோர்ல்ட்’ மறைந்துவிட்டது. வியூவின் வளர்ச்சி 2024இல் நிறுத்தப்பட்டது. அவற்றிற்காக எழுதப்பட்ட எண்ணற்ற பயிற்சிக் குறிப்புகளும் அவற்றோடு பயனற்றுப் போக வேண்டுமா?

ஆசிரியர்களே, கணினிப் பாடக் குறிப்பு எழுதும்போது ஒவ்வொரு படிக்கும் அருகில் “எதற்காக” என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அளவுகளோடு அலகையும் குறியுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கணினியில் ஒன்றைச் செய்து காட்டினால், எந்தப் பொத்தானை அழுத்தினாய் என்பதோடு, அது என்ன செய்தது என்றும் கேளுங்கள். இன்று அவர்கள் பழகும் மென்பொருள் நாளை இல்லாது போகலாம். கார்பென்டரின் முக்கோணமோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பயன் தருகிறது.