ஒரு தொப்பிக்கு வாங்கிய புத்தகம்

குச்சவெளியில் பஸ் ஏறினால் கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, நிலாவெளி, சாம்பல்தீவு தாண்டித் திருகோணமலை வந்துசேரும்வரை வாசிக்க நல்ல நேரம் கிடைக்கும். புத்தகம் கையில் இல்லாத நாளில் வடை சுற்றித் தந்த கொப்பித் தாளையும் நான் விடுவதில்லை. யாரோ ஒரு பிள்ளை செய்த கணக்கென்றாலும் விடை சரியா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். எழுத்தைக் கண்டால் நின்று பார்க்கும் இந்தப் பழக்கம் எங்கள் கரைக்குப் புதிதல்ல.

எங்கள் ஊரிலேயே கடலோரப் பாறையொன்றில் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. உலகத்தாரின் துன்பம் தீர்க்கத் தான் புத்தநிலை அடைய வேண்டும் என்று ஒருவர் அதில் வேண்டியிருக்கிறார். பக்கத்திலே சிறு தூபிகளையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உப்புக்காற்றில் தேய்ந்துபோனாலும், தனக்கென்று எதுவும் கேட்காத அந்த வேண்டுதல் எனக்கு மிகவும் பிடித்தமானது.

திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் தொடங்கும் கதை இன்னும் சுவையானது. புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் அங்கே வந்து தங்கியது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் வேறு சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். மகனிடம் மிஞ்சியவை இரண்டு சமய நூல்கள். திரும்பத் திரும்ப வாசித்ததில் இரண்டும் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன.

ஒருநாள் நொக்ஸ் சோற்றுக்குக் கறியாகச் சிறுமீன் பிடிக்கத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த கிழவர் ஒருவர், உன் எசமானுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா என்று வேலைக்காரப் பையனிடம் விசாரித்தார். போர்த்துக்கேயர் கொழும்பை விட்டுப் போனபோது தன் கைக்கு வந்த புத்தகம் ஒன்று இருக்கிறதாம். பையன் கிழவரின் வீட்டுக்குப் போய் அதை எடுத்துவந்து காட்டினான்: ஆங்கில பைபிள்! கையில் இருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிட நொக்ஸ் துணிந்தார். பையன்தான் தடுத்தான், ஆசையை வெளியே காட்டாதிருங்கள், குறைந்த விலைக்கு நான் வாங்கித் தருகிறேன் என்றான். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்குப் பேரம் படிந்தது. தொப்பி பின்னி விற்றுத்தான் நொக்ஸ் அங்கே சீவித்தார். ஆகவே அந்தப் புத்தகத்துக்கு அவர் கொடுத்தது தன் கையுழைப்பு.

1679இல் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்த நொக்ஸ், 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிய நூலை வெளியிட்டார். ‘றொபின்சன் குரூசோ’ எழுதிய டானியல் டீபோ, 1720இல் வந்த ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் கதையையே எடுத்துச் சொன்னார்.

தமிழ் நாவலின் தொடக்கத்திலும் எங்கள் மாவட்டத்துக்குப் பங்குண்டு. திருகோணமலை இன்னாசித்தம்பி ஐரோப்பியப் பழங்கதையொன்றைத் தழுவி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. அதே மண்ணின் தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்தார். 1892இல் பெண் விடுதலை பேசும் ‘தத்தைவிடு தூது’, 1895இல் ‘மோகனாங்கி’ இரண்டையும் தந்தார். நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட ‘மோகனாங்கி’யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பார்கள். நாள் முழுவதும் புத்தகங்களோடு இருந்தவரின் கையிலிருந்து அது வந்ததில் எனக்கு வியப்பில்லை.

குரூசோவை அறிந்த எங்கள் பிள்ளைகள் மோகனாங்கியையும் அறிய வேண்டும். குச்சவெளி தொடங்கி மூதூர் வரை ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் அந்த நாவலின் ஒரு பிரதியாவது இருக்கட்டும். ஆசிரியர்களே, பெற்றோரே, அதை வாங்கிக் கொடுங்கள்.