அபுதாபியின் புதிய முனையமும் ருவைஸ் தொழிலாளரும்

ஐக்கிய அரபு எமிரேட்ஸின் மேற்கேயுள்ள எண்ணெய்த் தொழில் நகரமான ருவைஸில் பணிபுரியும் தமிழர்கள் தாயகம் செல்ல, சுமார் 240 கிலோமீட்டர் சாலைவழியே அபுதாபி வந்து, நகரைக் கடந்து விமான நிலையத்தை அடைய வேண்டும்.

தற்போது ஸாயித் சர்வதேச விமான நிலையம் எனப்படும் அதன் 'ஏ' முனையத்துக்கு 2012இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2017இல் திறப்பதாக இருந்தது; திறக்கப்பட்டதோ 2023 நவம்பரில். இடையே, கட்டுமானப் பங்காளிகளில் ஒன்றான அராப்டெக் நிறுவனத்தைக் கலைக்க அதன் பங்குதாரர்கள் 2020இல் முடிவு செய்தனர். 7,42,000 சதுர மீட்டர் பரப்புள்ள இம்முனையம் ஆண்டுக்கு 4.5 கோடிப் பயணிகளைக் கையாளவல்லது.

உள்ளூர் மக்கள்தொகையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கல்ல இது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே விமானம் மாறுவோருக்கான போட்டியே இதன் பின்னணி. அண்டை அமீரகமான துபாயும் 26 கோடிப் பயணிகளை இலக்காகக் கொண்டு, 12,800 கோடி திர்ஹம் மதிப்பிலான அல் மக்தூம் முனையத் திட்டத்தை 2024 ஏப்ரலில் அங்கீகரித்தது.

இந்தப் பெருங்கணக்குகளில் ருவைஸ் தொழிலாளரின் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு இடமில்லை. அவ்வூருக்கு 2016 முதலே ரயில் ஓடுகிறது. ஆனால் அது ஷா, ஹப்ஷான் எரிவாயு வயல்களிலிருந்து கந்தகம் ஏற்றிவரவே அமைக்கப்பட்டது. எத்திஹாத் ரயிலின் பயணிகள் சேவைத் திட்டத்தில் ருவைஸும் சேர்க்கப்பட்டிருப்பது பின்னர் வந்த மாற்றம்.