துருத்தியில் விழுந்த ஓட்டை

போன எபிசோடில் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலத்தைப் பற்றிப் பேசினோம். இன்னிக்கு, அந்தக் காலத்துக் கேமரா ஒன்றைச் சரிசெய்யப் போய், நான் ஒரு சரித்திரத்தில் மாட்டிக்கிட்ட கதை.

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கார். அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன். அவங்க அப்பா நடத்திய ஸ்டூடியோவை மூடி இருபது வருஷமாச்சு. மிச்சம் இருப்பது ஒரு மரக் கேமரா மட்டும்தான். ஆஃப் பிளேட் சைஸ், அதாவது 4¾ × 6½ அங்குலம். தேக்கு, பித்தளை, நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி. செஞ்சவர் பேர் போட்ட தகடு எப்பவோ விழுந்துபோச்சு, ரெண்டு ஆணி ஓட்டைதான் தெரியுது. அதை அலங்காரத்துக்கு வைக்க ஒரு ஓட்டல்காரர் விலை பேசிட்டார். "படம் எடுத்துச்சுன்னா வச்சுக்கிடுதேன். இல்லன்னா குடுத்துர வேண்டியதுதான்," என்றார் அண்ணாச்சி. நான் ஒரு வாரம் டைம் கேட்டேன்.

தகடு இப்போ எங்கே கிடைக்கும்? புரோமைடு பேப்பரை வெட்டி ஸ்லைடில் போட்டேன். சிவப்பு வெளிச்சத்திலேயே கையாளலாம், செலவும் குறைவு. முதல் படத்தில் ரெண்டு கோளாறு. குறுக்கே புகை மாதிரி ஒரு கறை. அப்புறம், அண்ணாச்சியின் கண்ணுக்குத்தான் குறி வச்சேன், ஆனா துல்லியமா விழுந்தது அவருக்குப் பின்னால இருந்த சுவர்!

சுவர் விஷயத்தை முதலில் பார்த்தேன். இந்த மாதிரிக் கேமராவில் பின்பக்கம் இருக்கும் சொரசொரப்பான கண்ணாடியில்தான் பிம்பத்தைப் பார்ப்போம். அந்தச் சொரசொரப்பு லென்ஸைப் பார்த்து இருக்கணும். கண்ணாடியை எடுத்துவிட்டு ஸ்லைடைச் செருகினா, பேப்பரும் அதே தூரத்தில் வந்து நிற்கணும். இங்கே யாரோ கண்ணாடியைத் துடைச்சுட்டுத் திருப்பி மாட்டியிருக்காங்க. அதன் கனம் அளவுக்குக் கணக்கு தப்பிடுச்சு. நாலு ஸ்குரூவைக் கழற்றித் திருப்பிப் போட்டேன், சரியாயிடுச்சு.

புகைக் கறைதான் ஆளை அலைக்கழிச்சது. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, துருத்திக்குள்ள டார்ச்சை வச்சுப் பார்த்தேன். மடிப்பு மூலைகளில் நட்சத்திரம் மாதிரி பதினோரு புள்ளி. விரிச்சு மடக்கும்போது அதிகம் தேய்வது மூலைதானே. மெல்லிய கறுப்புத் துணியை ரப்பர் பசையில் ஒட்டணும். கனமான துணியா இருந்தா துருத்தி மடங்காது.

ஒட்டும்போதுதான் கவனிச்சேன். உள்ளே ஏற்கெனவே ஒட்டுப் போட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்லை, ஏழெட்டு. விளிம்பைச் சீவி, மடிப்பு கெடாம ஒட்டின கை. என் ஒட்டைவிட நேர்த்தி. "அப்பா ஒட்டினதா?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுல்லா," என்றார் அண்ணாச்சி. அப்போ இது யார் கை?

அது தெரியவில்லை. ஆனா அந்த மாதிரி ஒரு கையின் கதை நமக்குத் தெரியும். ஆலப்புழையில் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர் என்று ஒருவர், இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கிறவர். 1940களில் ஒரு ஸ்டூடியோக்காரர் தன் வெளிநாட்டுக் கேமராவின் துருத்தி கெட்டுப்போய் அவரிடம் கொண்டுவந்தார். கேமராவை ஏன் இசைக்கருவிக்காரரிடம்? யோசிச்சா புரியும். ஆர்மோனியத்திலும் துருத்திதான். காத்து கசியாம மடிக்கத் தெரிஞ்ச கைக்கு, வெளிச்சம் கசியாம மடிக்கத் தெரியாதா? சீமைச் சாமானுக்கு உதிரிபாகம் தேடி யார் போவது?

அந்த வேலையை எடுத்துச் செய்தவர் பாகவதரின் மகன் கருணாகரன். துருத்தியோடு அவர் நிற்கவில்லை. முழுக் கேமராவையே செஞ்சார். அதுதான் 'வாகீஸ்வரி'. தேக்கு உடம்பு, பித்தளைப் பூண். 1980கள் வரை ஆலப்புழையிலிருந்து பல ஊர் ஸ்டூடியோக்களுக்குப் போச்சு. நம்ம தாத்தா பாட்டி கல்யாணப் படங்களில் எத்தனை அதில் எடுத்ததோ!

புகைப்பட வரலாறு என்றால் நாம் லென்ஸைக் கண்டுபிடிச்சவர், படம் எடுத்தவர் பேரைத்தான் எழுதுறோம். ஓட்டையை அடைச்சவர் பேரை யாரும் எழுதி வைக்கலை. கருணாகரன் பேர் நிலைச்சது அவர் புதுசா ஒண்ணு செஞ்சதால. அண்ணாச்சி கேமராவுக்கு ஒட்டுப் போட்டவர் ஒட்டோடு நின்னுட்டார். ஆனா அவர் இல்லாம அந்த ஸ்டூடியோ அத்தனை வருஷம் ஓடியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் அண்ணாச்சியின் அம்மாவை உட்கார வைத்தோம். ஷட்டர் கிடையாது, லென்ஸ் மூடியைக் கழற்றி நாலு எண்ணி மாட்டணும். ஆடாம இருக்கச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அந்தம்மா மூச்சை அடக்கி, கண்ணை ஒரே இடத்தில் நிறுத்திட்டாங்க. ஸ்டூடியோக்காரர் வீட்டம்மா இல்லையா.

படம் சுத்தமா விழுந்தது. கறை இல்லை. அண்ணாச்சி அதை ரொம்ப நேரம் பார்த்துட்டு, ஓட்டல்காரருக்கு போன் போட வெளியே போனார்.

உங்க வீட்டில் பழைய கேமரா இருந்தா, விற்பதற்கு முன்னால ஒரு டார்ச்சை உள்ளே வச்சுப் பாருங்க. யாராவது ஒட்டுப் போட்டிருந்தா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.